லேப் பிளாக் மட்டும் தினமும் இரண்டு வேளை நிற்கிறது: கோர் சுவிட்ச் நன்றாக இருந்தும் ஏன்?

லேப்_காட்பாடி | செவ்வாய், இரவு 9:10

எல்லோருக்கும் வணக்கம். காட்பாடி பக்கம் ஒரு கல்லூரியில் லேப் அசிஸ்டெண்டாக இருக்கிறேன். நெட்வொர்க் பார்த்துக்கொண்டிருந்தவர் போன ஜூனில் வேலையை விட்டுப் போனார். அதிலிருந்து அதுவும் என் பொறுப்பு. நான் படித்தது எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. சுவிட்ச் (கம்ப்யூட்டர்களை நெட்வொர்க்கில் இணைக்கும் பெட்டி) வேலை எல்லாம் கூட இருந்து பார்த்துக் கற்றுக்கொண்டதுதான்.

லேப் பிளாக்கிலும் அதற்குப் பின்னால் இருக்கும் நூலகத்திலும் தினமும் இரண்டு தடவை நெட்வொர்க் நின்றுபோகிறது. காலை 8:40 வாக்கில் ஒரு தடவை, மாலை 5:30 வாக்கில் ஒரு தடவை. நான் ஒன்றும் செய்யாமலே திரும்பி வந்துவிடும். போன வாரம் நான்கு நாள் போன் ஸ்டாப்வாட்சை வைத்து அளந்தேன். காலையில் அரை நிமிஷம், மாலையில் 50 விநாடி. நான்கு நாளும் அப்படியேதான். அதே நேரத்தில் மெயின் பிளாக்கில் ஆபீஸ், ஃபீஸ் கவுண்டர், பிரின்சிபால் அறை எதிலும் ஒன்றும் ஆவதில்லை.

எங்கள் அமைப்பு இதுதான். மெயின் பிளாக் சர்வர் ரூமில் கோர் சுவிட்ச், வாங்கி இரண்டு வருஷம்தான் ஆகிறது. அதிலிருந்து கட்டடங்களுக்கு ஃபைபர். ஆக்சஸ் சுவிட்ச் மொத்தம் 9. லேப் பிளாக்கில் இருப்பது 24 போர்ட் கிகாபிட் சுவிட்ச். நூலகத்து சுவிட்சுக்கு லேப் சுவிட்சிலிருந்தே கேபிள் போகிறது.

இன்னொன்று. லேப் கம்ப்யூட்டரிலிருந்து மெயின் பிளாக் சர்வருக்கு வேகம் பார்த்தால் 94 மெகாபிட்டுக்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் அதே சர்வருக்கு 900-ஐத் தாண்டுகிறது.

மாலையில் பார்ட் டைம் மாணவர்களுக்கு ஆன்லைன் டெஸ்ட் நடக்கிறது. பகலெல்லாம் ராணிப்பேட்டையில் ஷிப்ட் பார்த்துவிட்டு பஸ் பிடித்து வருகிறவர்கள். போன வாரம் ஒரு பையன் கடைசி இரண்டு கேள்வியில் இருக்கும்போது பக்கம் அப்படியே நின்று, முதலிலிருந்து எழுத வேண்டியதாகிவிட்டது. ஒன்றும் சொல்லாமல் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சுவிட்ச் விற்கிறவர் ஒருவர் கோர் சுவிட்சையே மாற்றிவிடுங்கள் என்கிறார். கோர் என்ன செய்கிறது, ஆக்சஸ் என்ன செய்கிறது, இரண்டும் எப்படிச் சேர்ந்து ஓடுகின்றன என்று யாராவது விளக்கினால் நானே தேடிப் பார்த்துவிடுவேன். எதைச் சந்தேகப்படுவது சார்?

ஆம்பூர்_கேபிள் | செவ்வாய், இரவு 9:45

தம்பி, கோர் சுவிட்சை மாற்ற இப்போது ஒத்துக்கொள்ளாதீர்கள். அது கெட்டிருந்தால் ஆபீஸும் சேர்ந்து நின்றிருக்கும். லேப் பக்கம் போகும் ஃபைபரைப் பாருங்கள். எங்காவது மடங்கியிருக்கலாம், இல்லை எஸ்எஃப்பி (ஃபைபரை இணைக்கச் சுவிட்சில் செருகும் சிறு கருவி) சூடாகி விட்டு விட்டு வேலை செய்யலாம். லேப் சுவிட்சுக்கு யுபிஎஸ் இருக்கிறதா? ஒன்று மட்டும் நிச்சயம். கடிகாரம் பார்த்து வருகிற கோளாறு மனுஷன் கை பட்ட கோளாறு. 8:40-க்கும் 5:30-க்கும் உங்கள் வளாகத்தில் யார் எதைப் போடுகிறார், எதை அணைக்கிறார் என்று விசாரியுங்கள்.

பாலாற்றங்கரை | செவ்வாய், இரவு 10:50

தம்பி, நான் சார் இல்லை, அக்கா. ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் 14 வருஷமாக நெட்வொர்க் பார்க்கிறேன்.

நீங்கள் ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்தீர்களே, பாதி வேலை அதிலேயே முடிந்துவிட்டது. 50 விநாடி என்று படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 20, 15, 15. கூட்டினால் 50. இது பழைய ஸ்பேனிங் ட்ரீயின் கணக்கு, சுவிட்சுகளுக்கு நடுவே வட்டம் உண்டாகாமல் தடுக்கும் முறை அது. ஃபைபர் மடங்கியிருந்தால் இப்படி நாள் தவறாமல் ஒரே அளவில் நிற்காது. ஆனால் மனுஷன் கை என்று ஆம்பூர் அண்ணன் சொன்னது சரி. அதை மறக்காதீர்கள், பின்னால் வருகிறேன்.

முதலில் நீங்கள் கேட்டது. ஆக்சஸ் சுவிட்ச் ஆட்களைத் தொடுகிற சுவிட்ச். கம்ப்யூட்டர், பிரிண்டர், கேமரா, வைஃபை பெட்டி எல்லாம் அதில்தான் வந்து சேரும். எந்தப் போர்ட் எந்த விலேன் (ஒரே சுவிட்சுகளில் பிரித்து வைக்கும் தனித்தனி நெட்வொர்க்), எந்தப் போர்ட்டுக்கு கேபிள் வழியே மின்சாரம், யாரை உள்ளே விடலாம் என்பதெல்லாம் அங்கே முடிவாகிறது. கோர் ஆட்களைத் தொடக்கூடாது. அதற்கு வேலை, சுவிட்சுகளைச் சேர்ப்பதும் ஒரு விலேனிலிருந்து இன்னொரு விலேனுக்கு வழி விடுவதும்தான். அதில் கம்ப்யூட்டரைச் செருகினால் எனக்குக் கோபம் வரும்.

நீங்கள் காட்பாடிக்காரர், ரயிலை வைத்தே சொல்கிறேன். குடியாத்தத்திலிருந்து லத்தேரிக்குப் போகிறவர் ஒரே லைனில் போய் இறங்கிவிடுவார். திருப்பதிக்குப் போக வேண்டும் என்றால் காட்பாடி ஜங்ஷனுக்கு வந்து பாகாலா வழி வண்டிக்கு மாற வேண்டும். குடியாத்தம் ஸ்டேஷனில் இருப்பவருக்குத் திருப்பதி லைனைப் பற்றி எதுவும் தெரிய வேண்டியதில்லை. வண்டியைக் காட்பாடிக்கு அனுப்பத் தெரிந்தால் போதும். நெட்வொர்க்கிலும் அப்படித்தான். உங்கள் லேபில் மாணவர் விலேனில் இருக்கும் இரண்டு கம்ப்யூட்டர்கள் பேசிக்கொண்டால் அந்தப் பேச்சு லேப் சுவிட்சைத் தாண்டாது. சுவிட்ச் தன் மேக் அட்டவணையை (எந்தக் கருவி எந்தப் போர்ட்டில் என்ற பட்டியல்) பார்த்து இந்தப் போர்ட்டிலிருந்து அந்தப் போர்ட்டுக்குத் தள்ளிவிடும். ஆனால் மாணவர் கம்ப்யூட்டருக்குப் பக்கத்து நாற்காலியிலேயே ஆசிரியர் விலேனில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தால், அந்த இரண்டு அடி தூரத்துக்கு ஃபிரேம் (நெட்வொர்க்கில் போகும் தகவல் துண்டு) ஃபைபர் ஏறி மெயின் பிளாக் போய், கோரில் லைன் மாறி, அதே ஃபைபரில் திரும்பி வரும். கேட்வே ஐபி, அதாவது விலேனை விட்டு வெளியே போகும் வாசல், கோரில் இருப்பதால்தான் இப்படி. ஒரே ஃபைபரில் பல விலேன் கலந்து போகிறதே, குழம்பாதா என்றால், ஒவ்வொரு ஃபிரேமிலும் 4 பைட்டில் ஒரு சீட்டு ஒட்டி அனுப்புவார்கள். எந்த விலேன் என்பது அந்தச் சீட்டில் இருக்கும். ட்ரங்க் என்பது இதுதான்.

இனி உங்கள் கோளாறு. ஈதர்நெட் ஃபிரேமுக்கு ஆயுசு கிடையாது. ஐபி பாக்கெட்டில் ஒவ்வொரு ரவுட்டர் தாண்டும்போதும் ஒன்று குறைகிற எண் இருக்கிறது, பூஜ்யமானால் அது செத்துவிடும். ஃபிரேமில் அப்படி ஒன்று இல்லை. மூன்று சுவிட்சை வட்டமாகக் கேபிளில் கட்டிவிட்டால், ஒரே ஒரு பிராட்காஸ்ட் ஃபிரேம் (எல்லோருக்கும் போவது) சுற்றிச் சுற்றி, பெருகிப் பெருகி மொத்த நெட்வொர்க்கையும் மூழ்கடித்துவிடும். இதற்குத்தான் ரேடியா பெர்ல்மன் 1985-இல், டிஜிட்டல் எக்விப்மெண்ட் கார்ப்பரேஷனில் வேலை செய்தபோது ஸ்பேனிங் ட்ரீயை உண்டாக்கினார். 1990-இல் அது 802.1டி என்ற தரமாயிற்று. நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் அந்தப் பெயர் ஒரு பெண்ணுடையது என்று தெரிந்த அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது.

சுவிட்சுகள் தங்களுக்குள் ஒன்றைத் தலையாக, ரூட்டாக, தேர்ந்தெடுக்கும். அந்த ரூட்டுக்குப் போகிற நல்ல வழிகளைத் திறந்து வைத்து, வட்டத்தை உண்டாக்கும் வழியை மூடிவிடும். எதை ரூட்டாக எடுக்கும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பிரயாரிட்டி எண் எதற்குக் குறைவோ அது. யாரும் மாற்றாவிட்டால் எல்லாச் சுவிட்சிலும் 32768 (சிலதில் விலேன் எண்ணையும் கூட்டிக் காட்டும்). எல்லாம் சமமாக நின்றால் எதன் மேக் முகவரி (ஒவ்வொரு பெட்டிக்கும் கம்பெனி கொடுக்கும் எண்) சிறியதோ அது ரூட். பழைய பெட்டிகளின் மேக் முகவரி பெரும்பாலும் சிறியதாக இருக்கும், ஏனென்றால் கம்பெனிகள் எண்ணை ஏறுவரிசையில் கொடுத்துக்கொண்டே வருகின்றன. ஆக, யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால் வளாகத்திலேயே வயசான சுவிட்ச் தலைமைக்கு வந்துவிட வாய்ப்பு அதிகம்.

நீங்கள் லட்ச ரூபாய் கொடுத்து வாங்கிக் கோர் என்று பெயர் வைத்த பெட்டியை மற்ற சுவிட்சுகள் கோராக நினைப்பதில்லை தம்பி. வாயைத் திறந்து நாம் சொன்னால்தான் அவற்றுக்குத் தெரியும்.

என் ஊகம் இது. உங்கள் வளாகத்தில் எங்கோ ஒரு பழைய 100 மெகாபிட் சுவிட்ச் ரூட்டாக உட்கார்ந்திருக்கிறது. அதிலிருந்து ஒரு கேபிள் கோருக்கும் இன்னொன்று லேப் சுவிட்சுக்கும் போகிறது. 100 மெகாபிட் லிங்கில் எல்லாக் கழிவும் போக நிற்கும் வேகம்தான் நீங்கள் பார்த்த அந்த 94. அந்தச் சுவிட்சின் மின்சாரத்தை யாரோ 8:40-க்குப் போட்டு 5:30-க்கு அணைக்கிறார்.

நாளைக்குக் கோரில் லாகின் செய்து ஸ்பேனிங் ட்ரீ விவரத்தை எடுங்கள். ரூட் ஐடி என்று ஒரு மேக் முகவரி காட்டும். அது கோருடையதே என்றால் நான் சொன்னது தப்பு. வேறு என்றால் ரூட் போர்ட், அதாவது ரூட்டை நோக்கிய போர்ட், எது என்று பார்த்து அந்தப் போர்ட்டின் கேபிளைப் பிடித்துக்கொண்டே நடந்து போங்கள். பார்க்க மட்டும் செய்யுங்கள், பகலில் எதையும் பிடுங்காதீர்கள்.

லேப்_காட்பாடி | புதன், மாலை 6:20

அக்கா, கிடைத்துவிட்டது!

காலையில் கோரில் பார்த்தேன். ரூட் ஐடி கோருடையது இல்லை. பிரயாரிட்டி 32769 என்று காட்டியது. ரூட் காஸ்ட் 19, ரூட் போர்ட் 22. அந்த 22-இல் இருந்த கேபிளின் லேபிள் அழிந்துபோயிருந்தது. அது ஒரு மீடியா கன்வெர்ட்டருக்கு (தாமிரக் கேபிளை ஃபைபராக மாற்றும் பெட்டி) போய், அங்கிருந்து ஃபைபராக வெளியே போகிறது. நீங்கள் சொன்னபடி பிடித்துக்கொண்டே நடந்தேன். பழைய கட்டடத்தில் முன்பு கம்ப்யூட்டர் லேபாக இருந்த அறை. இப்போது ஸ்டோர் ரூம். விடைத்தாள் கட்டுகள், கால் உடைந்த பெஞ்சுகள், நடுவில் ஒரு இரும்பு பீரோ. பீரோவின் மேலே தூசிக்குள் 24 போர்ட் சுவிட்ச் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. 100 மெகாபிட். அதில் இரண்டே கேபிள். ஒன்று கோருக்கு, இன்னொன்று இன்னொரு மீடியா கன்வெர்ட்டர் வழியாக லேப் பிளாக்குக்கு.

தூசியைத் துணியால் துடைத்தேன் அக்கா. முன்பக்கத்தில் வெள்ளை பெயிண்டில் கையால் எழுதியிருக்கிறது: "மெயின்".

அந்த அறையின் மின்சாரத்தை அட்டெண்டர் அண்ணன் காலையில் 8:40-க்குப் போடுகிறார், மாலையில் பூட்டும்போது மொத்தமாக அணைத்துவிடுகிறார். கரண்ட் மிச்சம் பிடிக்கச் சொல்லி அவருக்கு உத்தரவு. அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. ஆம்பூர் அண்ணன் சொன்னது அப்படியே இருந்தது.

லேபுக்குப் போகும் கிகாபிட் ஃபைபரின் கோர் முனையில் நிலை "பிளாக்கிங்" என்று இருக்கிறது. அந்த போர்ட்டில் பகலில் நான் பார்க்கும்போதெல்லாம் ஆரஞ்சு விளக்கு எரியும். அது வேகத்தைக் காட்டுகிற நிறம் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

இப்போது என்ன செய்ய வேண்டும்? காலையில் ஏன் 30, மாலையில் ஏன் 50? அந்த சுவிட்சை அப்படியே பிடுங்கிவிடலாமா?

பாலாற்றங்கரை | புதன், இரவு 10:15

"மெயின்" என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். அந்தச் சுவிட்ச் ஒரு காலத்தில் உங்கள் கல்லூரிக்கே தலையாக இருந்திருக்கிறது. புதிய கோர் வந்த அன்று பொறுப்பை இதனிடமிருந்து வாங்கி அதனிடம் கொடுக்க ஒருவரும் மெனக்கெடவில்லை. அது பாட்டுக்குத் தன் வேலையை இன்றுவரை செய்துகொண்டிருக்கிறது.

உங்கள் வட்டத்தைத் தாளில் வரைந்து பாருங்கள். மெயின், கோர், லேப் மூன்று புள்ளி. பழைய கணக்கில் 100 மெகாபிட் லிங்குக்குக் காஸ்ட் (அந்த வழியின் விலை) 19, கிகாபிட்டுக்கு 4. லேப் சுவிட்ச் ரூட்டுக்கு நேரே போனால் 19. கோர் வழியாகப் போனால் 4-ம் 19-ம் சேர்ந்து 23. நேர்வழிதான் மலிவு என்று அது எடுத்துக்கொண்டது. கோரும் அதே கணக்கைப் போட்டது. இரண்டுக்கும் நேர்வழி கிடைத்துவிட்டதால் நடுவில் இருக்கும் கிகாபிட் ஃபைபர் உபரியாகிவிட்டது. மூடிவிட்டார்கள். லேபும் நூலகமும் சர்வருக்குப் போவது அந்த பீரோ மேல் பெட்டியின் வழியாகத்தான். காலையிலும் மாலையிலும் நிற்பதற்கு மட்டுமில்லை, நாள் முழுக்க மெதுவாக ஓடுவதற்கும் அதுவே காரணம்.

50-க்கும் 30-க்கும் காரணம் உங்கள் மீடியா கன்வெர்ட்டர்கள். ரூட் 2 விநாடிக்கு ஒரு தடவை "நான் இருக்கிறேன்" என்று குரல் கொடுத்துக்கொண்டிருக்கும். மாலையில் அறையின் மின்சாரம் போகிறது. ஆனால் கோர் பக்கமும் லேப் பக்கமும் இருக்கும் கன்வெர்ட்டர்களுக்கு மின்சாரம் இருக்கிறது, அதனால் சுவிட்சுகளின் போர்ட்டில் விளக்கு அணையவே இல்லை. ரூட் செத்தது கோருக்குத் தெரியாது. 20 விநாடி குரலுக்காகக் காத்திருக்கும். பிறகுதான் மூடி வைத்த ஃபைபரைத் திறக்க ஆரம்பிக்கும். 15 விநாடி வட்டம் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கும், 15 விநாடி மேக் முகவரிகளைக் கற்கும். காலையில் அந்தக் காத்திருப்பு இல்லை. ரூட் எழுந்து குரல் கொடுத்ததுமே கோர் தன் ஃபைபரை மூடிவிடுகிறது, புதிய வழி திறக்க 30 விநாடி. இரண்டு தடவையும் நடுவில் மாட்டிக்கொள்வது லேப் பிளாக்தான். மற்றக் கட்டடங்கள் வட்டத்தில் இல்லாததால் அவற்றுக்கு ஒன்றும் தெரிவதில்லை.

இதைச் செய்யுங்கள். டெஸ்ட் இல்லாத ஒரு நாள், மாலை 7 மணிக்கு மேல். வேலை முடியும் வரை அன்று மட்டும் ஸ்டோர் ரூம் மின்சாரத்தை அணைக்க வேண்டாம் என்று அட்டெண்டர் அண்ணனிடம் சொல்லிவிடுங்கள். முதலில் எல்லாச் சுவிட்சின் கான்ஃபிகரேஷனையும் (அதில் செய்து வைத்த அமைப்புகள்) பென் டிரைவில் எடுத்து வையுங்கள். அப்புறம் கோரின் பிரயாரிட்டியை 4096 ஆக்குங்கள். எல்லா விலேனுக்கும் சேர்த்து. 4096-இன் மடங்குகளைத்தான் ஏற்றுக்கொள்ளும், 5000 என்று கொடுத்தால் திட்டும். இதைச் செய்த அந்த நிமிஷம் நெட்வொர்க் கொஞ்சம் நிற்கும், பயப்பட வேண்டாம். ரூட் மாறிக்கொண்டிருக்கிறது. முடிந்ததும் அந்த ஆரஞ்சு விளக்கு பச்சையாக வேண்டும்.

அடுத்தது, ஸ்பேனிங் ட்ரீ எந்த முறையில் ஓடுகிறது என்று பாருங்கள். 50 விநாடி வருகிறது என்றால் பழைய முறைதான். எல்லாச் சுவிட்சையும் ரேப்பிட் முறைக்கு மாற்றுங்கள். அது 2001-லேயே வந்துவிட்டது. சுவிட்சுகள் ஒன்றையொன்று நேரடியாகக் கேட்டுக்கொண்டு பெரும்பாலும் ஓரிரு விநாடிக்குள் வழியைத் திறந்துவிடும். ஆக்சஸ் சுவிட்சில் கம்ப்யூட்டர் இருக்கும் போர்ட்களில் மட்டும் எட்ஜ் போர்ட் (சுவிட்ச் வராத கடைசிப் போர்ட்) என்று குறித்து, பிபிடியூ கார்டையும் (ஸ்பேனிங் ட்ரீ செய்தி வந்தால் போர்ட்டை மூடும் காவல்) போட்டுவிடுங்கள். நாளைக்கு ஒரு மாணவர் வீட்டிலிருந்து பழைய சுவிட்ச் ஒன்றைக் கொண்டுவந்து லேப் மேஜையில் மாட்டினாலும், அது ஸ்பேனிங் ட்ரீ பேச ஆரம்பித்ததும் அந்தப் போர்ட் மூடிக்கொள்ளும். கோரை நோக்கிப் போகும் அப்லிங்க் போர்ட்டில் தவறிப்போய் இதைப் போட்டுவிடாதீர்கள்.

பழைய சுவிட்சைக் கழற்றுவது கடைசியில். ஆனால் அதற்கு வந்த ஃபைபர்களைத் தூக்கி எறியாதீர்கள், அது உங்களுக்குக் கிடைத்த புதையல். கோரிலிருந்து ஸ்டோர் ரூமுக்கு ஒன்று, ஸ்டோர் ரூமிலிருந்து லேபுக்கு ஒன்று. இரண்டும் ஒரே வகைதானா என்று பாருங்கள், சிங்கிள் மோடா மல்டி மோடா. ஒரே வகை என்றால் ஸ்டோர் ரூமில் கன்வெர்ட்டர்களை எடுத்துவிட்டு இரண்டையும் கப்ளர் போட்டு நேரடியாகச் சேர்த்துவிடலாம். கோரிலும் லேபிலும் எஸ்எஃப்பி போட்டால் அது லேபுக்கு இரண்டாவது கிகாபிட் அப்லிங்க். அந்த அறையில் கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கவலை இல்லை, கண்ணாடி இழைக்கு மின்சாரம் எதற்கு? அட்டெண்டர் அண்ணன் நிம்மதியாக அறையின் மின்சாரத்தை அணைக்கலாம்.

இரண்டு லிங்கையும் எல்ஏசிபி (பல லிங்கை ஒன்றாக்கும் முறை) வைத்து ஒன்றாகக் கட்டுங்கள். 24 கிகாபிட் போர்ட்டுக்கு ஒரே ஒரு கிகாபிட் அப்லிங்க் என்றால் 24-க்கு 1. ஆக்சஸ் அப்லிங்கில் 20-க்கு 1 வரை போகலாம் என்பது ரொம்ப நாளாக இருக்கும் கணக்கு. இரண்டு லிங்க் ஆனால் 12-க்கு 1, தாராளம். ஆனால் ஒரு கம்ப்யூட்டரில் ஒரு ஃபைல் நகலெடுத்தால் வேகம் இரட்டிப்பாகாது. ஒரு உரையாடல் எப்போதும் ஒரே லிங்கில்தான் போகும். பலர் சேர்ந்து பயன்படுத்தும்போதுதான் பலன் தெரியும்.

ஆம்பூர்_கேபிள் | புதன், இரவு 10:40

அருமை அக்கா. எனக்கு ஒரு சந்தேகம். எல்லாவற்றையும் இப்படிக் கோர் மேல் ஏற்றிவிட்டால், கோர் போன அன்று மொத்தமும் போச்சே? நான் கேபிள் போடுகிற இடங்களில் சுவிட்சிலிருந்து சுவிட்சாக வரிசையாகக் கோர்த்துவிடுகிறார்கள். ஒன்று போனாலும் முன்னால் இருப்பதாவது ஓடுமே.

வாலாஜா_ஆசிரியர் | வியாழன், காலை 7:05

எங்கள் பள்ளியில் மூன்றே சுவிட்ச், 40 கம்ப்யூட்டர். எங்களுக்கும் கோர் வாங்க வேண்டுமா அம்மா?

பாலாற்றங்கரை | வியாழன், இரவு 9:30

ஆசிரியர் ஐயா, வேண்டாம். இருக்கும் மூன்றில் நல்லதை நடுவில் வைத்து மற்ற இரண்டையும் அதிலிருந்து பிரியுங்கள். நடுவில் இருப்பதற்குப் பிரயாரிட்டி 4096 கொடுங்கள். அந்தப் பணத்தில் ஒரு நல்ல யுபிஎஸ் வாங்குங்கள்.

ஆம்பூர் அண்ணா, கோர்த்துவிடுவது பற்றி எனக்குப் பட்ட அனுபவம் இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது அங்கே அப்படித்தான். ஆபீஸிலிருந்து குடோன், குடோனிலிருந்து பினிஷிங், அங்கிருந்து டிரம் செக்ஷன், கடைசியில் சுண்ணாம்புக் குழி பக்கம் ஒரு சுவிட்ச், அதற்கும் பின்னால் எடை மேடை. ஐந்து சுவிட்ச் ஒரே சரமாக. சுண்ணாம்புக் குழியில் ரோமம் நீக்கச் சோடியம் சல்பைடு போடுவார்கள். அந்தக் காற்று தாமிரத்தைத் தின்றுவிடும். பேட்ச் கார்டைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தால், முனையில் எட்டு தகடும் தங்க நிறம் போய் மை தடவியது போலக் கறுத்திருக்கும். அந்த ஒரு சுவிட்ச் தள்ளாடும்போதெல்லாம் அதற்குப் பின்னால் இருந்த எடை மேடை நின்றுபோகும். மேடை நன்றாகத்தான் இருக்கும். வெளியே லாரிகள் வரிசையில் நிற்கும், டிரைவர்கள் என்னைப் பார்ப்பார்கள். ஆறு மாதம் எடை மேடைக் கருவியை மாற்றி மாற்றிப் பார்த்தோம்.

ஆக்சஸ் சுவிட்ச் சாகிற இடத்தில் இருக்கிறது அண்ணா. அமிலம், தூசி, தண்ணீர் எல்லாம் அதன் மேல்தான் படும். நம் வேலூர் கத்திரி வெயிலில் மாடிப்படி பரணில் வைத்த பெட்டிக்குள் என்ன சூடு இருக்கும் என்று கையை வைத்துப் பாருங்கள். பல சுவிட்சுகளுக்குக் கம்பெனி சொல்லும் எல்லை 45 டிகிரிதான். அது சாகட்டும், ஆனால் பக்கத்துக் கட்டடத்தைக் கூட இழுத்துக்கொண்டு போகக்கூடாது. அதற்காகத்தான் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கோருக்கு வர வேண்டும் என்கிறேன். இன்று எங்கள் சுண்ணாம்புப் பக்கச் சுவிட்ச் மூடிய பெட்டிக்குள் இருக்கிறது. அதே மாடலில் இன்னொன்று கான்ஃபிகரேஷன் ஏற்றி என் அலமாரியில் இருக்கிறது. போனால் 10 நிமிஷத்தில் மாற்றுவேன். எடை மேடைக்குத் தெரியவே தெரியாது.

கோர் போனால் எல்லாம் போகும் என்பது உண்மைதான். அதனால்தான் அது ஏசி அறையில், யுபிஎஸ்ஸில், பூட்டிய ரேக்கில் இருக்கிறது. பணம் இருக்கிறவர்கள் இரண்டு கோர் வைத்து ஒவ்வொரு ஆக்சஸிலிருந்தும் இரண்டுக்கும் ஃபைபர் இழுப்பார்கள். எங்களிடம் இரண்டு இருக்கிறது. ஒன்றுக்கு 4096, இன்னொன்றுக்கு 8192. முதல் கோர் போனால் அடுத்த ரூட் எது என்பதையும் நாங்களே சொல்லி வைத்திருக்கிறோம்.

காட்பாடி தம்பி, உங்கள் நூலகத்துச் சுவிட்சையும் லேபிலிருந்து பிரித்துக் கோருக்கு நேராகக் கொண்டுவரப் பாருங்கள். அவசரமில்லை, அடுத்த முறை ஃபைபர் இழுக்கும்போது. வேலை முடிந்ததும் சேவ் செய்ய மறக்க வேண்டாம். கட்டளை போட்டதும் வேலை செய்துவிடும், சேவ் செய்யாவிட்டால் அடுத்த கரண்ட் கட்டில் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

லேப்_காட்பாடி | சனி, இரவு 8:40

அக்கா, வெள்ளிக்கிழமை டெஸ்ட் இல்லை. ஸ்டோர் ரூம் மின்சாரத்தை அணைக்காமல் வைக்கச் சொல்லி 7:15-க்கு ஆரம்பித்தேன். பிரயாரிட்டி மாற்றியதும் நீங்கள் சொன்னபடி கொஞ்சம் நின்றது. நான் கோர் ரேக் முன்னால் நின்றுகொண்டு அந்த ஆரஞ்சு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது பச்சையானபோது சத்தமாகச் சிரித்துவிட்டேன், வாட்ச்மேன் வந்து என்ன ஆச்சு என்று கேட்டார். லேபில் வேகம் 930 மெகாபிட்.

ரேப்பிட் முறைக்கு எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, ஸ்டோர் ரூம் மின்சாரத்தை அணைத்துவிட்டு வந்தேன். ஃபைபர் இரண்டும் சிங்கிள் மோட்தான். எஸ்எஃப்பிக்கும் கப்ளருக்கும் திங்கட்கிழமை சொல்லப் போகிறேன்.

இன்று காலை 8:40-க்கு லேபில் உட்கார்ந்து பிங் (சர்வரிடமிருந்து பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) ஓட்டினேன். பழைய சுவிட்சை இன்னும் கழற்றவில்லை, அட்டெண்டர் அண்ணன் வழக்கம்போல மின்சாரத்தைப் போட்டார். ஒரு பிங்கும் தவறவில்லை. மாலை 5:30-க்கும் பார்த்தேன். மாணவர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பையன் முன் வரிசையில் இருந்தார். 5:30 தாண்டி 5:35 ஆயிற்று. யாரும் தலையைத் தூக்கவில்லை.

டெஸ்ட் முடிந்து எல்லோரும் போனதும் கோரை ஒரு தடவை அணைத்துப் போட்டேன். எழுந்ததும் ரூட் ஐடி பார்த்தேன், கோருடையதுதான். சேவ் ஆகியிருக்கிறது அக்கா.